ஒரு பைசா கணக்கு

பெட்ரோல் விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால் நம் ஆட்சியாளர்களிடம் ஒரே பதில்தான்: "சர்வதேசச் சந்தை." கேட்கும்போது ஏதோ சாமி பேரைச் சொன்ன மாதிரி இருக்கும். கண்ணால் பார்க்க முடியாது, எதிர்த்துக் கேட்க முடியாது, காணிக்கை மட்டும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் எர்ணாவூர்க்காரன். மேற்கே பார்த்தால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியில் நெருப்பு எரியும். கிழக்கே பார்த்தால் கடலில் கப்பல்கள் வரிசையாக நிற்கும். எங்களுக்கு இந்தச் சந்தை அருவமான சாமி கிடையாது. அதற்கு முகவரி இருக்கிறது, நாற்றமும் இருக்கிறது.

சரி, அந்தச் சாமியின் சக்தியைக் கொஞ்சம் சோதிப்போம். பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2017 ஜூனிலிருந்து தினம் தினம் விலை மாறும் முறை வந்தது. இனி அரசாங்கம் தலையிடாது, சந்தை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். 2018 மே மாதம் கர்நாடகத் தேர்தல் வந்தது. தினமும் மாறிய விலை வாக்குப்பதிவுவரை 19 நாள் அசையவே இல்லை. 2021 நவம்பர் தொடக்கத்தில் நின்ற விலை, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட 5 மாநிலத் தேர்தல் முடியும்வரை அப்படியே நின்றது. நடுவில் உக்ரைன் போர் தொடங்கி, கச்சா எண்ணெய் பீப்பாய் 130 டாலரைத் தாண்டியபோதும் பங்கில் ஒரு பைசா நகரவில்லை. மார்ச் 10 தேர்தல் முடிவுகள். மார்ச் 22-ல் ஏற ஆரம்பித்து, 16 நாளில் 14 முறை, மொத்தம் 10 ரூபாய். 2024-ல் இன்னும் அழகு. மார்ச் 15-ம் தேதி 2 ரூபாய் குறைத்தார்கள்; மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பு. சர்வதேசச் சந்தைக்கு நம் தேர்தல் ஆணையத்தின் காலண்டர் எப்படித் தெரியும்?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். உள்ளே வரும் எண் கூடினால் வெளியே போகும் எண்ணும் கூட வேண்டும், குறைந்தால் குறைய வேண்டும். கூடும்போது மட்டும் வேலை செய்யும் புரோகிராமை எழுதினால் அதை 'பக்' என்று சொல்லி அன்றைக்கே டிக்கெட் போடுவார்கள். இந்த விலை விஷயத்தில் அதுதான் ஃபீச்சர்.

2014-ல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 9 ரூபாய் 48 காசு. 2020 ஏப்ரலில் ஊரடங்கால் உலகமே முடங்கியது. அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் ஒரு நாள் பூஜ்யத்துக்குக் கீழேயே போனது. அந்தக் குறைவு நமக்கு வந்து சேர வேண்டிய நேரத்தில், மே மாதம் ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏற்றினார்கள். 9.48 என்பது 32.98 ஆனது. அந்த வரியிலும் ஒரு கைவரிசை. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு பெட்ரோலுக்கான 32.90 ரூபாயில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசுதான். மீதியெல்லாம் கூடுதல் வரி, சாலை வரி, வேளாண் வரி என்று வெவ்வேறு பெயரில் டெல்லிக்கே போனது. பிறகு இரண்டு முறை குறைத்தார்கள், உண்மை. ஆனால் 9.48-க்குத் திரும்பவே இல்லை. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சரிந்தபோது மறுபடி 2 ரூபாய் ஏற்றினார்கள். பங்கில் விலை மாறாததால் யாரும் கவனிக்கவில்லை.

"அது ஒன்றிய அரசு, நாங்க இல்ல" என்று இங்கே இருப்பவர்கள் நழுவ முடியாது. 2020 மே மாதம் அதிமுக அரசு மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பகுதியை லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக மாற்றியது. விலை விழுந்தாலும் கஜானா விழாது என்பதுதான் அதன் பொருள். 2021-ல் திமுக பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4 ரூபாய் குறைப்பதாக வாக்குக் கொடுத்தது. ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. டீசல் வாக்குறுதி வாக்குறுதியாகவே இருந்தது. பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரும் பேச்சு அந்த ஆண்டு செப்டம்பரில் லக்னோ கூட்டத்துக்கு வந்தபோது, இது அதற்கான நேரமில்லை என்று எல்லோரும் சேர்ந்தே முடித்துவைத்தார்கள்.

எண்ணெய் எங்கிருந்து வரும் என்பதும் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. மணலி ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ்தான் இன்றைய சிபிசிஎல். ஈரானிய நிறுவனத்துக்கு இன்றும் அதில் 15.4 சதவீதப் பங்கு. ஆனால் 2019 மே மாதத்தோடு, வாஷிங்டன் முறைத்ததால், இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதையே நிறுத்தியது. பங்காளி வீட்டுச் சரக்கைப் பங்காளியே வாங்க முடியாத நிலை. பிறகு ரஷ்ய எண்ணெய் தள்ளுபடியில் கிடைத்தது. நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்யாவின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது. சென்னையில் என்ன ஆனது? 2022 மே முதல் 2024 மார்ச் வரை 102 ரூபாய் 63 காசு, அப்படியே. 2023-24-ல் ஐஓசி, பிபிசிஎல், ஹெச்பிசிஎல் மூன்றின் நிகர லாபம் சேர்த்து சுமார் 81,000 கோடி ரூபாய். 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டபோது அடி விழுந்தது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு. தள்ளுபடி ஒருவருக்கு, தண்டனை இன்னொருவருக்கு.

இதுவரை சொன்னது பங்கில் எழுதியிருக்கும் விலை. எழுதாத விலை ஒன்று உண்டு. அதைக் கட்டுவது நாங்கள்.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவே இல்லை என்று முதலில் சொன்னது துறைமுக நிர்வாகம். எங்கள் எர்ணாவூர் ராமகிருஷ்ணா நகர்க் கரையில் தார் மாதிரி ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். நிலவுக்கு விண்கலம் அனுப்பிய நாடு எண்ணெயை அள்ளக் கொடுத்த கருவி பக்கெட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம்வரை பரவியது. காட்டுக்குப்பத்தில் படகும் வலையும் கறுத்துப்போயின. வலையில் எண்ணெய் ஏறினால் அந்த வலை அவ்வளவுதான். தமிழக அரசு அறிவித்த நிவாரணம்: 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, இன்னொரு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. மொத்தம் 8.68 கோடி. அதே நிதியாண்டில் சிபிசிஎல்லின் நிகர லாபம் சுமார் 2,700 கோடி.

7,500 ரூபாய்க்கு அன்றைய விலையில் 73 லிட்டர் பெட்ரோல் வரும். நான் பைக்கில் ஓஎம்ஆர் ஆபீஸுக்கு இரண்டு மாதம் போய்வர அது போதும். ஓர் ஆற்றின் விலை அதுதான் என்று தீர்மானித்திருக்கிறார்கள்.

இதில் ஒரு குரூரமான நகைச்சுவை வேறு. மீன்பிடிப் படகுக்கான டீசலில் குறிப்பிட்ட அளவுக்கு மாநில வரிவிலக்கு உண்டு. மத்திய அரசின் சாலை வரி அந்த டீசலிலும் சேர்ந்தே வருகிறது. கடலில் எந்தச் சாலை போட்டார்கள்?

இப்போது என் கோரிக்கை. மணலி ஆலையின் ஆண்டுத் திறன் 1 கோடியே 5 லட்சம் டன். ஒரு டன் கச்சா எண்ணெய் ஏறத்தாழ 1,165 லிட்டர். பெருக்கினால் சுமார் 1,220 கோடி லிட்டர். லிட்டருக்கு ஒரே ஒரு பைசா ஒதுக்கினால் வருடத்துக்கு 12 கோடி ரூபாய்க்கு மேல். அத்தனை குடும்பங்களுக்கும் ஒருமுறை போட்ட 8.68 கோடியைவிட அதிகம், ஒவ்வொரு வருடமும். 2020-ல் லிட்டருக்கு ஒரே இரவில் 1,000 பைசா ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு பைசா முடியாதா?

"சிஎஸ்ஆர் செய்கிறார்களே" என்பார்கள். அது தர்மம், அவர்கள் விருப்பம். நான் கேட்பது பங்கு. புதுசாக ஒன்றும் கேட்கவில்லை. 2015 சட்டத் திருத்தத்தின்படி நிலக்கரி, இரும்புத் தாது எடுக்கும் மாவட்டங்களில் ராயல்டியோடு 10 முதல் 30 சதவீதம் கூடுதலாக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போகிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே அந்த நிதி. எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஊருக்கு அப்படி எதுவும் கிடையாது. தூசு விழுந்தால் பங்கு உண்டு, எண்ணெய் விழுந்தால் இல்லையா?

"வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கலாமே" என்பவர்களுக்கு: வழக்கு எண்ணெய் கொட்டிய பிறகு வருவது. இந்த ஒரு பைசா, கொட்டும் முன்னே மிதவைத் தடுப்பும் உறிஞ்சு கருவியும் வாங்கி வைக்க, முகத்துவாரத்தைத் தூர்வார, வலை போன மாதம் அரிசி வாங்க. செலவு செய்யும் குழுவில் பாதிப் பேர் காட்டுக்குப்பத்திலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் இன்னொரு கஜானாதான்.

பங்கில் பூஜ்யத்தைப் பார்த்துச் சரிபார்க்கும் ஆட்கள் நாம். லிட்டருக்கு நாலு ரூபாய் குறைத்தால் நம் கோபம் அடங்கிவிடும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் தேர்தலுக்கு முன் குறைக்கிறார்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் எவ்வளவு குறைப்பீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் ஒரு பைசா எங்கே என்றும் கேளுங்கள்.