மரங்களையும் படமெடுங்கள்

நேற்றுக் காலை புகைப்படக் கருவியுடன் எங்கள் வளவைச் சுற்றி வந்தேன். வேலியோரப் பூவரசு, கிணற்றடி வேம்பு, தெற்கெல்லைப் பனைகள் என ஒவ்வொன்றையும் படமெடுத்தேன். "மரத்தைப் போய் யாரும் படமெடுப்பார்களா?" என்று அயல் வளவுக்காரர் சிரித்தார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரில் பலர், 2009இல் போர் முடிந்த பின்னரே தம் காணிகளைக் கண்டனர். வீடு இடிந்து, வேலி அழிந்து, பற்றை மண்டிய நிலத்தில், கிணற்றையும் எஞ்சிய மரங்களையும் கொண்டே எல்லையை அடையாளங்கண்டோர் உண்டு. பனைகள் பல பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டுவிட்டன.

காணி உறுதியில் எல்லைகள் இருக்கும்; மாமரத்தை நட்டவர் பெயர் இராது. விடுமுறையில் ஊர் வரும் உறவுகளே, வீட்டு வாசலோடு நின்றுவிடாதீர்கள். மரங்களையும் படமெடுத்து, நட்டவர் பெயரையும் திகதியையும் குறித்து வையுங்கள்.