சீட்டாட்டம்: திறமை மட்டும் காப்பாற்றுமா?

கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இழவு வீட்டுச் சீட்டாட்டத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மறுநாள் பிணம் எடுக்கும் வரை விழித்திருக்க வேண்டும். கூடாரத்தின் கீழ்ப் பாய் விரித்து, கறுப்புக் கோப்பியும் கடலையுமாக ஆண்கள் பதின்மூன்று சீட்டு ஆடுவார்கள். சிறுவர்களான நாங்கள் பக்கத்தில் போனால், "போய்ப் படுங்கடா" என்று விரட்டுவார்கள். சீட்டு என்றால் சூது, சூது என்றால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். இதுதான் நம் வீடுகளில் சொல்லப்படும் பாடம்.

எங்கள் வீட்டில் இந்தப் பாடத்திற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. என் பெரியப்பா இருந்தார்.

1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகத் தென்னமரம் உருவானது எங்கள் வட்டாரத்தில்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. அப்படி ஒரு தோட்டம் கைமாறியபோது பெரியப்பாவுக்கு இழப்பீட்டுப் பணம் கிடைத்தது. அதில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் பாய்க்கு அடியில் போய்விட்டது. என்னைக் குழப்பியது பணம் போனதல்ல. அந்த லயத்திலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான் என்று அவரிடம் வென்றவர்களே சொன்னார்கள். கெட்டிக்காரர் எப்படித் தோற்றார்?

இதற்கான விடை எனக்குப் பல்கலைக்கழக விடுதியில்தான் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் என் அறைத் தோழனான சீன நண்பன் ஜின் ரம்மி கற்றுக் கொடுத்தான். காசு கிடையாது. தோற்றவன் அறையைக் கூட்ட வேண்டும். (அதுவும் பந்தயம்தானே என்று கேட்பவர்கள் எங்கள் அறையைப் பார்த்ததில்லை.)

இது இருவர் ஆடும் ஆட்டம். 1909இல் நியூயார்க்கில் எல்வுட் பேக்கர் என்பவர் உருவாக்கியதாகச் சொல்வர். ஆளுக்குப் பத்துச் சீட்டு. ஒரு சீட்டைத் திறந்து வைத்து, மிச்சத்தைக் கட்டாகக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை எடுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும். ஒரே எண்ணில் மூன்று அல்லது நான்கு சீட்டு, அல்லது ஒரே இனத்தில் தொடர்ச்சியாக மூன்றோ அதற்கு மேலோ சேர்க்க வேண்டும். படச் சீட்டுக்குப் பத்துப் புள்ளி, ஏஸுக்கு ஒன்று. நம் பதின்மூன்று சீட்டிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்று உண்டு. பதின்மூன்று சீட்டில் எல்லாம் சேர்ந்தால்தான் வெற்றி. ஜின்னில் சேராத சீட்டுகளின் புள்ளி பத்து அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் தட்டிவிட்டு ஆட்டத்தை முடிக்கலாம். எதிராளி தன் உதிரிச் சீட்டுகளை நம் வரிசைகளில் ஒட்டலாம். பிறகு வித்தியாசத்தைக் கணக்கிடுவார்கள். அவருடைய புள்ளி நம்முடையதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் வெற்றி அவருக்கு, கூடுதல் புள்ளியோடு. ஒரு சீட்டும் மிஞ்சாமல் எல்லாம் சேர்ந்தால் அதுதான் ஜின். அதற்குப் பொதுவாக 25 புள்ளி சேர்த்துத் தருவார்கள். நூறு புள்ளியை முதலில் எட்டியவர் வென்றவர்.

முதல் மாதம் முழுக்க நான்தான் கூட்டினேன். நண்பன் எதையும் விளக்க மாட்டான். என் தோல்விகளிலிருந்தே கணக்கைக் கண்டுபிடித்தேன். ஏழு என்ற சீட்டு மூன்று சீட்டு வரிசைகளில் மூன்று விதமாகச் சேரும். ஏழுகளின் கூட்டத்திலும் மூன்று விதமாகச் சேரும். ஆக ஆறு வழி. ராஜாவுக்கு வரிசையில் ஒரே வழி, கூட்டத்தில் மூன்று, மொத்தம் நான்கு. எனவே ராஜாவைக் கழித்தால் எதிராளிக்கு உதவும் வாய்ப்பு குறைவு, நம் கைச்சுமையும் குறையும். இஸ்பேட் ஏழும் எட்டும் கையில் இருந்தால் நாம் எதிர்பார்ப்பது இரண்டே சீட்டு. அதோடு ஆர்ட்டின் எட்டையும் வைத்திருந்தால் எதிர்பார்ப்பு நான்காகிறது. எதிராளி டைமன் ஒன்பதை எடுத்தாரா? அப்படியானால் டைமன் பத்தை நான் பிடித்து வைக்க வேண்டும். இதெல்லாம் நினைவாற்றலும் கணக்கும்தான். தமிழ்ப்பள்ளியில் சதுரங்கம் கற்றுக் கொடுத்த ஆசிரியர்கள் இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள், சீட்டு என்று தெரியாத வரையில்.

அதைவிடக் கடினமான பாடம் தட்டுவதுதான். கையில் எட்டுப் புள்ளி, மூன்றாவது சுற்று. எதிராளியின் கை இன்னும் சிதறிக் கிடக்கும் நேரம். இப்போதே தட்டினால் நல்ல இலாபம். மனமோ, இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஜின் என்று சொல்லும். அப்படிக் காத்திருந்து பலமுறை துடைப்பத்தைப் பிடித்திருக்கிறேன்.

இனி இந்தியச் செய்திக்கு வருவோம், ஏனென்றால் சீட்டு ஆடுபவர்கள் எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும் என்று காரணமும் சொன்னது. மூன்று சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று பிரித்தது. அதே தீர்ப்பில், ஆட்டம் நடத்தும் வீட்டுக்காரரோ மன்றமோ அதில் இலாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சொன்னது. இந்தப் பின்பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. தமிழ்நாட்டில் இணைய ரம்மியைத் தடுக்க 2021இலும் 2022இலும் சட்டம் வந்தது. முதலாவதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. இரண்டாவதை 2023இல் ஏற்றுக்கொண்டாலும் ரம்மிக்கு அது பொருந்தாது என்றது. இரண்டு முறையும் 'திறமை' என்ற சொல்லே ரம்மியைக் காப்பாற்றியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. நம் நாட்டின் 1953ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்திலேயே இந்தக் குழப்பத்திற்கு இடம் தரவில்லை. அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தைக் காசுக்கு ஆடினாலும் அது சூதாட்டம்தான் என்கிறது.

என் கருத்தும் அதுவே. ரம்மி திறமை ஆட்டம் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மைதான் பெரியப்பாவைக் கெடுத்தது. ஒன்றும் தெரியாதவன் நான்கு முறை தோற்றால் எழுந்து போவான். தெரிந்தவன், "நான் இவர்களைவிட நன்றாக ஆடுபவன், அடுத்த ஆட்டத்தில் எடுத்துவிடுவேன்" என்று உட்கார்ந்திருப்பான். நானும் நண்பனும் கணக்கு எழுதி வைத்தோம். அறுபது ஆட்டங்களில் அவன் 37, நான் 23. அவன் என்னைவிடத் தெளிவாகவே கெட்டிக்காரன். இருந்தும் நான் தொடர்ந்து ஐந்து ஆட்டம் வென்ற இரவும் அதில் உண்டு. அந்த இரவு காசு வைத்திருந்தால்? பெரியப்பா ஆடிய இடத்தில் ஒவ்வொரு ஆட்டத்திற்கும் வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு வேறு. அந்தப் பங்கைத் தாண்டி வெல்லும் அளவுக்கு யாரும் கெட்டிக்காரராக இருக்க முடியாது என்பதை அவருக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

திருவள்ளுவர் சூது அதிகாரத்தை வெற்றியைப் பற்றிய எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறார். வென்றாலும் வேண்டாம் என்கிறார்; அந்த வெற்றியைத் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இதன் பொருள் எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே நம் கழக விளையாட்டு நாளில் கேரம், சதுரங்கத்தோடு காசில்லாத சீட்டாட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்கிறேன். முகம் சுளிக்கும் மூத்தோர் இருப்பார்கள். அவர்கள் அச்சத்திற்குக் காரணம் உண்டு. ஆனால் மறைத்து வைத்ததால் நம் பிள்ளைகள் சீட்டைக் கற்காமல் இருந்தார்களா? இழவு வீட்டுக் கூடாரத்தின் ஓரத்திலும் இப்போது கைப்பேசியிலும் கற்றுக்கொள்கிறார்கள், காசோடு சேர்த்தே. ஏழின் ஆறு வழிகளையும், அறுபதுக்கு 37 என்ற கணக்கையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுக்கக் கூடிய இடம் நம் கழகம்தான்.

கடந்த விடுமுறையில் புக்கிட் ரோத்தானில் இருக்கும் பெரியப்பா வீட்டிற்கு ஒரு சீட்டுக்கட்டை எடுத்துப் போனேன். அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பெரியப்பா விதிகளை ஒருமுறைதான் கேட்டார். "காசு இல்லையே?" என்று இருமுறை கேட்டார். இதுவரை பதினொரு ஆட்டம் ஆடியிருக்கிறோம். நான் வென்றது மூன்று.