நாலு ரூபாய் இருபது காசு

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியில் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்று இருந்தது. பெயர்தான் பெரிது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மர அலமாரி, ஒரு மேசை, பூட்டுத் தொங்கும் தகரக் கல்லாப்பெட்டி. அவ்வளவுதான். ஒரு ரூபாய் கட்டினால் பங்குதாரர் ஆகலாம். நோட்டு, மை, காம்பஸ் பெட்டி, வரைபடத் தாள் எல்லாம் வெளிக்கடையைவிட ஐந்து பைசா, பத்துப் பைசா குறைவு. வாரத்துக்கு இரண்டு பேர் முறைவைத்துக் கல்லாவில் உட்கார வேண்டும். என்னோடு உட்கார்ந்தவனின் அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக்குப் போகிறவர்கள். இருட்டோடு எழுந்து இருவரும் பாத்திக்குப் போய்விடுவார்கள். அவன் தங்கைக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஈரத் தலையோடு பள்ளிக்கு ஓடி வருவான்.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு முடித்தபோது நாலு ரூபாய் இருபது காசு குறைந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் அவன் பக்கம் போயிற்று. என் கண்ணும் போயிற்று. யாரும் கேட்காமலே அவன் கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஒன்றில் ஓட்டை இருந்தது. திங்கட்கிழமை பொறுப்பாசிரியர் பேரேட்டை வரி வரியாகப் பார்த்தபோது, ஒரு காம்பஸ் பெட்டி விற்றதை நான் இரண்டு தடவை எழுதியிருந்தது தெரிந்தது. கணக்கு நேரானது. அவன் மறுவாரத்திலிருந்து கல்லாவுக்கு வரவில்லை. கேட்டதற்கு, "தங்கச்சியப் பாக்கணும்ல" என்றான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த வாரம் அது திரும்ப நினைவுக்கு வந்ததற்குக் காரணம், ஒரு பள்ளியில் பிள்ளைகள் போட்டிருந்த சந்தை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பள்ளிகளில் தொழில்முனைவு என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. 2022இல் 'நான் முதல்வன்' வந்தது. பிள்ளைகளின் புதுயோசனைகளைத் தேடி எடுக்கப் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. நல்ல காரியங்கள், மனமார வரவேற்கிறேன். இன்னொரு பக்கம், 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் மேல்நிலைப் பிள்ளைகள் ஏழு நாள் முகாம் போகிறார்கள். செப்டம்பர் 17 சமூக நீதி நாள், அன்றைக்குக் கைநீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர், தனிப் பதிவேடு, தனி நாள். கடை போடுகிற பிள்ளைக்கு நீதியைப் பற்றிப் பேச வேலையில்லை. உறுதிமொழி எடுக்கிற பிள்ளைக்குக் காசைத் தொட வேலையில்லை. இந்தப் பாகப்பிரிவினைதான் என்னை உறுத்துகிறது. அதுவும் தூத்துக்குடியில்.

ஏனென்றால் இந்த ஊரில் இரண்டையும் சேர்த்தே செய்த ஒரு மனிதர் இருந்தார். வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனதையும், சும்மாவே ஏற்றிக்கொள்ளத் துணிந்ததையும் நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள். அதை வணிகப் பாடமாகவும் படிக்கலாம். பெரிய முதலாளி நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு சின்ன முதலாளியை எப்படி மூழ்கடிக்கிறான் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் வேறு கிடையாது.

கப்பல் கம்பெனிக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், 1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். வேலையை விட்டு நின்றவர்களுக்கு ஊரில் பணம் திரட்டிச் சோறு போட்டார்கள். பத்து நாளுக்குள் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. இங்கே ஒரு செய்தியைப் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1891ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி ஒன்பது வயதுப் பிள்ளையை ஆலையில் வைத்து நாளுக்கு ஏழு மணி நேரம் வேலை வாங்கலாம். இன்று நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் வயது அது.

மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. மாணவர்களும் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். கம்பெனி நடத்தத் தெரிந்த ஒருவர் கூலிக்காரனின் கூலியையும் கேட்டதால்தான் அன்றைக்கு அத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். கப்பல் மட்டும் விட்டிருந்தால் பங்குதாரர்கள் மட்டும் வருத்தப்பட்டிருப்பார்கள்.

காசையும் நியாயத்தையும் சேர்த்துப் பார்க்கக் கடலும் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில், தோணி கரைசேர்ந்ததும் சிப்பியைக் குவித்து மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாளுக்கு. மூச்சடக்கி முங்குகிறவனுக்கு மூன்றில் ஒன்றுதானா என்று நமக்குக் கோபம் வரும், வர வேண்டும். ஆனாலும் அந்தக் குவியல் எல்லார் கண்முன்னாலும் கிடந்தது. எவருக்கு எவ்வளவு என்று கரையில் நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. குவியலைப் பார்த்த கடைசித் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது.

உப்பில் அந்தக் குவியல் வேறு மாதிரி. பாத்தியில் வாரி, வரப்பில் சேர்த்து, அம்பாரமாகக் குவிப்பது வெளியே தெரிகிறது. அதன் விலை எங்கெங்கே பிரிகிறது என்பது மட்டும் தெரிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளத்தில் வேலை இராது. அந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது சமீபத்தில்தான். ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து பார்த்து, கேட்டு, 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். அவர் எழுதிய வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வகுப்பு மேசையில் வைத்து, இதில் வாரினவருக்கு எவ்வளவு, சுமந்தவருக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விசாரித்து எழுதினால், அது கணக்குப் பாடமா, சமூக அறிவியலா, தொழில்முனைவா? எனக்கு எல்லாம் ஒன்றுதான். நலப்பணி முகாமும் கோயில் வாசலையும் மெயின் ரோட்டையும் கூட்டுவதோடு நில்லாமல், உப்பளக்காரர் குடியிருப்பில் ஏழு நாள் நடந்தால் இந்தக் கணக்கு தானே கிடைத்துவிடும்.

சாதியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன அந்த அறிக்கை, எல்லாச் சமூகப் பிள்ளைகளும் கலந்த 'சமூக நீதி மாணவர் படை' ஒன்றையும் கேட்டது. கயிற்றை அறுப்பது ஒரு நாள் வேலை. அகரவரிசையில் உட்கார்ந்தாலும் மதியம் மணியடித்ததும் அவரவர் தெருப் பிள்ளைகளோடு போய்விடுகிறார்கள். இரண்டு தெருப் பிள்ளைகளை ஒரே கல்லாவில் உட்கார வைத்துப் பாருங்கள். காசு குறைந்தால் இருவருக்கும் குறையும், கூடினால் இருவருக்கும் கூடும். சந்தேகம் வந்தால் பேரேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். எங்கள் பண்டகசாலையில் அதைச் செய்ய வெள்ளியிலிருந்து திங்கள் வரை ஆனது. அந்த மூன்று ராத்திரி அவன் எப்படித் தூங்கினான் என்று இப்போதுகூட நினைத்துக்கொள்வேன்.

இனி அந்தச் சந்தை. பள்ளி மைதானத்தில் வேப்பமரத்தடியில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டிருந்தார்கள். சுண்டல், கடலை மிட்டாய், கருப்பட்டிக் காப்பி. கடைசி மேசையில் குருத்தோலைக் கொட்டான்கள், சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றியவை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி ஓலை முடைகிற வீட்டுப் பிள்ளை, விரல் நுனியெல்லாம் கீறல். இன்னொருத்தி டவுனில் கடை வைத்திருக்கிறவர் மகள். ஒவ்வொரு கொட்டானிலும் நூலில் ஒரு அட்டை தொங்கியது. முன்பக்கம் 60 ரூபாய். பின்பக்கம் பொடி எழுத்தில்: ஓலை 10, சாயம் 5, முடைந்தவருக்கு 35, வகுப்பு நிதி 10.

வயதான அம்மா ஒருவர் ஒரு கொட்டானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ பிள்ள, நாப்பதுக்குக் குடு."

கடைக்காரர் மகள் வாயைத் திறக்குமுன், ஓலைக்காரப் பிள்ளை அட்டையைத் திருப்பி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "இதுல எதக் கொறைக்கணும்னு நீங்களே சொல்லுங்க ஆச்சி."

ஆச்சி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நாலு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு சுருக்குப் பையை அவிழ்த்தார். கடைக்காரர் மகள் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட, மற்றவள் நோட்டில் எழுதினாள். எழுதி முடித்ததும் இருவரும் சேர்ந்து அந்த வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொண்டார்கள்.