கோச்சியின் பெயர்ப்பலகை மாறினால் போதுமா?



ரயில்வே நட்டத்தில் ஓடுகிறது, அதிகார சபையாக்குவோம், தனியாரைக் கூட்டுச் சேர்ப்போம் என்ற பேச்சு எந்த அரசு வந்தாலும் ஓய்வதில்லை. 2023இல் அமைச்சராக இருந்த பந்துல குணவர்தனவும் அதிகார சபை யோசனையைத்தான் முன்வைத்தார். நமது ஊரிலும் சிலர், "தனியாரிடம் கொடுத்தால் கோச்சி நேரத்துக்கு வரும்" என்கிறார்கள்.

சொந்தக்காரன் மாறினால் என்ன நடக்கும் என்று மலையகத்துக்கா பாடம் எடுக்கிறீர்கள்? 1975இல் வெள்ளைக்காரக் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. தோட்டத்துப் பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியது. எத்தனையோ குடும்பங்களுக்கு லயத்துக் காம்பரா அப்படியே இருக்கிறது.

கோச்சியிலும் ஒத்திகை பார்த்தாயிற்று. 2011 அளவில் மலைநாட்டு ரயில்களில் எக்ஸ்போ ரயில், ராஜதானி என்று தனியார் சொகுசுப் பெட்டிகளைக் கோர்த்தார்கள். பாதை அரசுடையது, இன்ஜின் அரசுடையது, சாரதியும் அரசு ஊழியர். கம்பனி செய்தது அந்தப் பெட்டிக்கு டிக்கெட் விற்றது. சில வருடங்களில் பெட்டிகளும் போய்விட்டன. சரிந்த மண்ணை அள்ளுவதும் சீசன் டிக்கெட்காரரை ஏற்றுவதும் அன்றும் இன்றும் திணைக்களத்தின் தலையில்தான்.

திணைக்களத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. எல்ல போகும் ஆசனங்கள் நொடிகளில் தீர்ந்து கறுப்புச் சந்தையில் விலைபோன விவகாரம் 2025 ஜனவரியில் சி.ஐ.டி. வரை போனது. அரசின் கையில் இருக்கும்போதே சுற்றுலாப் பயணிக்கு ஜன்னல் ஆசனம், நம் பிள்ளைகளுக்குப் படியில் தொங்கல். லாபம் மட்டுமே கணக்கென்றால் அந்தப் படியாவது மிஞ்சுமா?

1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் பாதை போட்டது தோட்டத்து விளைச்சலை இறக்கத்தான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கும் ஒரு சின்னப் பாதை ஓடியது. வீதியில் வாகனங்கள் பெருகி வருமானம் குறைந்ததும் 1940களில் அதைக் கைவிட்டார்கள். அதைக் கைவிட்டதும் அரசாங்கம்தான். யார் கையில் இருந்தாலும் காசுக் கணக்கை மட்டும் பார்த்தால் முடிவு இதுதான்.

நமக்குப் பாதை போட்ட பிரிட்டன் 1990களில் தன் ரயில்களைக் கம்பனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. இப்போது புதிய சட்டம் போட்டு, 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கிறது. அவர்கள் கழற்றிப் போடும் சட்டையை நாம் ஏன் மாட்ட வேண்டும்?

பொதுச் சொத்து அமானிதம். அதில் கைவைக்கும் முன் நான்கு விடயங்களைச் சட்டத்தில் எழுதட்டும்:

1. முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைக் குறைக்கக் கூடாது.
2. வட்டவளை, ரொசல்லை, வட்டகொடை போன்ற சிறு நிலையங்களில் மெதுரயில் நிற்க வேண்டும்.
3. மாணவர், ஊழியர் சீசன் டிக்கெட் தொடர வேண்டும்.
4. கட்டணத்தைக் கம்பனி தன் இஷ்டத்துக்கு உயர்த்தக் கூடாது.

இந்த நான்கையும் எழுத மறுப்பவர்களின் "சீர்திருத்தம்" நமக்கு வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் கமிட்டி, தொழிற்சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எல்லாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்து நமது எம்.பி.மாரிடம் கொடுப்போம். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு சத்தம் போட்டுப் பிரயோசனமில்லை. தோட்டத்தில் அதை ஒருமுறை பார்த்துவிட்டோம்.