தலைச் சுற்றளவு: கம்ப்யூட்டர் சொன்னால் சரியா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் கைக்குழந்தை இருந்தால், எக்ஸெலில் அதன் எடை, உயரம், தலைச் சுற்றளவைப் பதிவு செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்புவதை நான் ஏற்க மாட்டேன்.

தலைச் சுற்றளவுக்கான வரைபடங்களை உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்டது. அதன் தளத்தில் பிடிஎஃப் ஃபைல்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியா உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை 1997 முதல் 2003 வரை அளந்து தயாரித்தவை இவை. எனவே 'வெளிநாட்டுக் கணக்கு நமக்கு ஒத்துவராது' என்று ஒதுக்க வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை செய்யும் நண்பரின் மகன் நவம்பர் 5ல் பிறந்தவன். மே 5ல் அளந்தபோது 43 செ.மீ. ஆறு மாத ஆண் குழந்தையின் நடு அளவு 43.3, கவலையே இல்லை. ஆனால் நண்பர் 05/11 என்று டைப் செய்திருந்தார். அமெரிக்க முறைப்படி செட் செய்யப்பட்ட கம்ப்யூட்டர் அதை மே 11 என்று எடுத்துக்கொண்டது. குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வயதாகிவிட்டது! அந்த வயதில் 43.5க்குக் கீழே என்றால் சிவப்புக் கோடுதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இருந்தார்கள்.

கன்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதியை இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், முன்கூட்டிப் பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழிக்க வேண்டும்.

அடுத்தது டேப். தையல்காரரின் பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும். எங்கள் மலைக் குளிரில் கம்பளிக் குல்லாவைக் கழற்றாமலே அளப்பவர்களும் உண்டு! குல்லாவை எடுத்துவிட்டு, புருவத்துக்குச் சற்று மேலே, பின்னந்தலையின் புடைத்த பகுதியைச் சுற்றி அளக்கவும். மூன்று முறை அளந்து பெரிய அளவை எழுதுங்கள். டேப்பில் அரை செ.மீ. தவறிவிட்டு, புரோகிராம் தரும் இரண்டு தசம எண்ணை வைத்துக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மாதாமாதம் புள்ளிகள் கோடுகளைத் தாண்டி மேலே ஏறினாலோ, வளராமல் படுத்துவிட்டாலோ பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மூளையில் நீர் சேர்வதை இப்படித்தான் ஆரம்பத்திலேயே பிடிக்கிறார்கள். ஆனால் உச்சிக்குழி புடைத்து, குழந்தை விடாமல் வாந்தி எடுத்தால், வரைபடம் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.