இடிக்கிறதுக்கு முன்னால யோசிங்க!

பழைய வீடுன்னாலே இடிச்சுட்டு பிளாட் கட்டணும்கிற எண்ணம் இப்போ எல்லோருக்கும் வந்துவிட்டது. "இதென்ன அரண்மனையா, கட்டிக் காப்பாத்த?" என்று கேட்கிறார்கள். அரண்மனையை மட்டும்தான் காப்பாற்ற வேண்டுமா?

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் நியூஹவ்ன் என்று ஒரு பழைய துறைமுகக் கரை இருக்கிறது. அங்கே எடுத்த படங்களை என் நாத்தனார் மகன் காட்டினான். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற மாடி வீடுகள். எதிரே பாய்மரக் கப்பல்கள். கொலுப்படி மாதிரி அவ்வளவு அழகு!

ஆசையாகி, விவரம் தேடிப் படித்தேன். சரக்குக் கப்பல்கள் ஊருக்குள்ளேயே வரட்டும் என்று 1670-களில் ஐந்தாம் கிறிஸ்டியன் அரசர் வெட்ட வைத்த கால்வாய் அது. ஒன்பதாம் நம்பர் வீடு 1681-ல் கட்டியது. அங்கே இருப்பதிலேயே அதுதான் பழசாம்.

எல்லாம் சாதாரண ஜனங்கள் புழங்கிய வீடுகள்தான். மாலுமிகள் குடித்துக் கூத்தடித்ததால் அந்தத் தெருவுக்கே ஒரு காலத்தில் கெட்ட பேர். அங்கேதான், செருப்புத் தைப்பவருக்கும் துணி வெளுக்கும் அம்மாவுக்கும் பிறந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் குடியிருந்தார். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் படிக்கிற கதைகளை எழுதியவர். 18, 20, 67 என்று மூன்று வீடுகளில் மாறி மாறி இருந்திருக்கிறார். நம்மை மாதிரியே வீடு மாறி மாறி அலைந்தவர்!

கப்பல்கள் பெரிசானதும் அங்கே வியாபாரம் படுத்துவிட்டது. அதற்காக வீடுகளை இடிக்கவில்லை. பழைய கப்பல்களைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். 1980-ல் ஒரு பக்கக் கரையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஜனங்கள் நடக்க விட்டார்கள். இன்று கீழே ஓட்டல், வாசலில் கூட்டம். புழக்கம் இருப்பதால்தான் வீடு நிற்கிறது.

டென்மார்க்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டி, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன நம்ம தரங்கம்பாடியிலும், கோட்டையோடு சில பழைய வீடுகளையும் பழுது பார்த்திருக்கிறார்கள். ஆக, மனசு வைத்தால் இங்கேயும் முடியும்.

எங்கள் மாமியார் வீட்டு ஓட்டு வீட்டையும் இடிக்கப் பேச்சு நடக்கிறது. மழை பெய்தால் ஒழுகுகிறது, ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, வாஸ்தவம்தான். ஆனால் தினமும் பெருக்கி மெழுகுகிற பொம்பளைங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? முதலில் ஒரு நல்ல கொத்தனாரை வைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் இடியுங்கள் என்கிறேன் நான்.

என்ன தோழிகளே, நான் சொல்றது நியாயம்தானே?

- ஒரு இல்லத்தரசி, மயிலாடுதுறை.