கொல்லைக் குளத்திற்கு ஏற்ற வடிகட்டி எது?

வீட்டுக் கொல்லையில் சிறு குளம் அமைத்து, கோய் எனப்படும் ஜப்பானிய வண்ணக் கெண்டைகளை அதில் வளர்க்கும் விருப்பம் பட்டணங்களிலிருந்து கிராமங்களுக்கும் மெல்லப் பரவி வருகின்றது. சென்னைக் கொளத்தூர்க் கடைகளுக்கு மீன் வாங்கச் செல்வோர், மீனின் நிறத்தையும் புள்ளியையும் பார்த்துத் தெரிந்தெடுப்பதில் நாழிகைக் கணக்காகச் செலவிட்டு, வடிகட்டி விஷயத்தில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர். மீன் பிழைப்பதும் மடிவதும், கிணற்று நீர் எவ்வளவு செலவாகும் என்பதும், இரண்டாவது பொருளையே பெரிதும் பொறுத்தவை. ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிரிடும் செஞ்சி வட்டத்தில், வல்லம் போன்ற ஊரில் குளம் வைக்க எண்ணும் நிலக்கிழார் ஒருவருக்கு எவ்வித வடிகட்டி ஏற்றது என்பது பற்றி நமது அபிப்பிராயத்தை ஈண்டுக் கூறுவோம்.

மீன் வளர்ப்பது செல்வர் பொழுதுபோக்கு என்று இகழ்வாரும் உளர். கோய் மீனின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஜப்பான் தேசத்து நீகாட்டா மலைப்பகுதியில் நெல் பயிரிட்ட குடியானவர்கள், பனிக்காலத்து உணவுக்கென வயற்குட்டைகளில் கெண்டை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டில் அவற்றுள் நிறம் மாறிப் பிறந்தவற்றை ஒதுக்கி வளர்த்ததன் பயனே இம்மீன். 1914ஆம் ஆண்டில் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பின்னரே பட்டணத்தார் அதனை அறிந்தனர். நம் பண்ணைக்குட்டைகளில் வளரும் சாதாக்கெண்டைக்கு இது நெருங்கிய உறவு. ஆகவே சாதாக்கெண்டையின் குணங்கள் யாவும் இதற்கும் உண்டு: நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், அடிமண்ணைக் கிளறும், நட்ட செடியைப் பிடுங்கி எறியும். இரண்டடி நீளம் வரை வளர்வதால், கையளவு குஞ்சைப் பார்த்துக் குளத்தின் அளவை நிச்சயித்தல் தகாது.

வடிகட்டி என்றதும் நீரிலுள்ள தூசியை நிறுத்தும் சல்லடை ஒன்றே பலருடைய மனத்தில் தோன்றுகின்றது. கலங்கிய நீர் மீனை அவ்வளவு வருத்துவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அமோனியாவே அதனைக் கொல்வது. மீன் தின்னும் இரையிலுள்ள புரதத்தில் பெரும் பகுதி செவுள் வழியே அமோனியாவாக வெளிப்படுகின்றது. நூறு கிராம் இரைக்குச் சுமார் மூன்று கிராம் அமோனியா நைட்ரஜன் உண்டாகுமென்பது மீன் பண்ணையாளர் கணக்கு.

பன்னிரண்டடி நீளமும், ஆறடி அகலமும், நான்கடி ஆழமும் உள்ள குளம் சுமார் 8,000 லிட்டர் கொள்ளும். வளர்ந்த மீன் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்னும் பொது விதிப்படி அதில் எட்டு மீன் விடலாம். அவற்றிற்கு நாளொன்றுக்கு எண்பது கிராம் இரையிட்டால், ஏதும் கழியாவிடில், ஏழு நாட்களில் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் அமோனியா சேரும். நம் கோடையில் நீரின் வெப்பம் 30 பாகையும் காரநிலை எட்டும் இருக்குமாயின், அதில் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் நச்சு வடிவிலிருக்கும். அதாவது லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். 0.05க்கு மேற்பட்டாலே செவுள் கெடத் தொடங்கும். நீர் பச்சை பிடித்திருப்பின் பிற்பகலில் காரநிலை ஒன்பதையும் எட்டும்; அப்போது நச்சுப் பங்கு பாதிக்கு அருகில் போய்விடும்.

இவ்வமோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ருஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி இவற்றைப் பிரித்தறிந்தார். விவசாயிகளுக்கு இவை புதியவையல்ல. வயலிலிட்ட எருவையும் அமோனியம் சல்பேட்டையும் பயிர் உண்ணும் நைட்ரேட்டாக மாற்றித் தருபவையும் இவ்வினத்தனவே. நல்ல வடிகட்டி என்பது இந்நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ நிறைய இடமும், அவை மூச்சு விட ஓயாத காற்றும் தருவது. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற நான்கரை கிராமுக்கு மேற்பட்ட பிராணவாயு வேண்டும். குளிர்ந்த நாடுகளில் 20 பாகையில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் பிராணவாயு தாங்கும் நீர், நம் ஊரில் 30 பாகையில் ஏழரையே தாங்கும். அயல்நாட்டு உறைமேல் அச்சிட்ட கொள்ளளவை நம்பி வாங்குவோர் இவ்வேறுபாட்டையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இனிக் கடைகளில் கிடைப்பவற்றைப் பார்ப்போம். மூடிய உருளைக்குள் பஞ்சும் பிளாஸ்டிக் வளையங்களும் அடைத்து, அழுத்தத்தில் நீரைச் செலுத்தும் வடிகட்டி ஒன்று உண்டு. இடம் சிறிது, பார்வைக்கு அழகு. ஆனால் மின்சாரம் சில மணி நேரம் நின்றால், உள்ளே அடைபட்ட நுண்ணுயிர்கள் காற்றின்றி மடிந்து அழுகும். மின்சாரம் மீண்டதும் அவ்வழுகல் நீர் முழுவதும் மீன்மேற் பாயும். இரவில் மின்சாரம் நின்று, விடிந்தபின் மீன் மிதப்பதைக் கண்டு, ‘யாரோ மருந்து கலந்துவிட்டார்’ என்று அண்டை வீட்டாரை ஐயுறுவதும் உண்டு. பஞ்சையும் வாரந்தோறும் பிழிய வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் நுண்ணுயிர் யாவும் ஒருங்கே போய்விடும். சுழலும் உருளைச் சல்லடை தானே தன்னைக் கழுவிக்கொள்ளும்; அதன் விலையும், பழுதுற்றால் பார்க்கத் தெரிந்தவர் பட்டணத்திலன்றி இல்லாமையும் அதனை நமக்கு ஆகாததாக்குகின்றன. புற ஊதா விளக்கு நீரின் பச்சை நிறத்தை நீக்குமே ஒழிய அமோனியாவைத் தொடாது. கடைக்காரர் மூன்றையும் சேர்த்து வாங்கச் சொல்லுவார்; அது அவர் தொழில்.

தேற்றான்கொட்டையை இழைத்து விட்டால் போதுமே என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். குடிநீரிற் கலங்கலைப் படியச் செய்வதில் அதற்கு நிகரானது குறைவு. எனினும் அது மண்ணைப் படியவைக்குமேயன்றி, கரைந்துள்ள நஞ்சை எடுக்காது. செஞ்சிக் கோட்டையின் செட்டிகுளத்தையும் சக்கரகுளத்தையும் காட்டி, அவற்றுக்கு வடிகட்டி ஏது என்று வினவுவோரும் உண்டு. அவை பரந்த நீர்ப்பரப்பு உடையவை; நாள்தோறும் மூட்டையிலிருந்து இரை கொட்டி அவற்றில் மீன் வளர்ப்பாரில்லை. எட்டாயிரம் லிட்டர்த் தொட்டிக்கு அந்நியாயம் பொருந்தாது.

நமது அபிப்பிராயத்தில், கிராமத்துக் கொல்லைக்கு ஏற்றது செடி நட்ட ஜல்லிப் படுகையும், அதற்கு முன் ஒரு படிவுத் தொட்டியுமே. இடம் அதிகம் பிடிக்கும் என்பதே பட்டணத்தில் அதற்குச் சொல்லப்படும் குறை. நிலக்கிழார்க்கு அது குறையாகாது.

படிவுத் தொட்டிக்குக் கிணற்றுக்கு இறக்கும் மூன்றடிச் சிமெண்டு உறைகளே போதும். ஓரடி உயரமுள்ளவை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசி, அடியைச் சரிவாக அமைத்து, இரண்டங்குல வால்வு ஒன்று வைத்தல் வேண்டும். குளத்தின் அடியிலிருந்து நீர் தானே இதனுள் வந்து தேங்க, கனத்த கழிவு அடியிற் படியும். தெளிந்த நீரை மேலிருந்து பம்பு எடுத்துப் படுகைக்கு அனுப்பும். பம்பைக் குளத்திலேயே போட்டுவிட்டால் அது கழிவை அரைத்துக் கூழாக்கிப் படுகையை அடைக்கும். இப்படிவுத் தொட்டியை வீண் செலவென்று விட்டுவிடும் படுகைகளே பெரும்பாலும் அடைத்துக்கொள்கின்றன. பழி ஜல்லியின்மேல் விழுகின்றது.

படுகை குளப்பரப்பில் மூன்றிலொரு பங்கு இருத்தல் நலம். மேற்சொன்ன குளத்திற்கு ஆறடிக்கு நான்கடி, ஆழம் ஒன்றரை அடி. அடியில் துளையிட்ட குழாய்களைப் பரப்பி, அதன்மேல் நன்கு கழுவிய முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லியும், மேலே அரை அங்குல ஜல்லியும் இட வேண்டும். நீர் அடியிலிருந்து மேலெழுந்து, ஜல்லி மட்டத்திற்கு ஓரங்குலம் கீழே வைத்த வாய் வழியாகக் குளத்தில் அருவிபோல விழ வேண்டும். அவ்வோரங்குலத்தை அலட்சியம் செய்தல் ஆகாது; ஜல்லிக்கு மேல் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும். கல்வாழை, வெட்டிவேர், சேம்பு, வசம்பு ஆகியவை படுகையில் வளரும். நைட்ரேட்டை அவையே உண்டுவிடும். குளத்தினுள்ளேயே செடி வைக்கலாகாதோ எனின், கெண்டை அதனை விட்டுவைக்காது என்று முன்னரே கூறினோம். ஆகாயத்தாமரையை மட்டும் எக்காரணம் பற்றியும் கொண்டுவருதல் கூடாது.

இரண்டு மணிக்கொருமுறை குளத்து நீர் முழுவதும் சுற்றி வர, மணிக்கு நாலாயிரம் லிட்டர் தள்ளும் பம்பு வேண்டும். உயரம் குறைவாயின் நாற்பது வாட்டு அளவில் இது கிடைக்கும். இரவும் பகலும் ஓடினாலும் நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்கு மேற்படாது. அதனை வீட்டு மீட்டரில் இணைப்பதே முறை. பயிருக்கென்று சர்க்கார் அளிக்கும் இலவச மின்சாரத்தில் வண்ணமீனை வளர்த்தல் நேர்மையன்று, சட்டமும் ஏற்காது. மின்சாரம் நின்றாலும் திறந்த படுகை மூடிய உருளையைப்போல் விரைவில் அழுகுவதில்லை. நின்ற நேரம் மிக நீண்டால் மட்டும், படுகையின் பழைய நீரை வாழைக்கு வடித்துவிட்டுப் பம்பை மீண்டும் ஓட்டுவது நலம். அன்று மீனுக்கு இரையிடாதிருத்தலும் அவசியம். பெரிய மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது.

புதுப் படுகையில் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரமாகும். அதற்குள் எட்டு மீனையும் ஒருங்கே விடுவோர் பணத்தை நீரில் விடுகின்றனர். முதலில் இரண்டு விட்டு, இரையைச் சுருக்கி, பின்னர்ப் பெருக்குக.

பின்பு பராமரிப்பு யாதெனின், வாரம் ஒருமுறை படிவுத் தொட்டியின் வால்வைத் திறந்து இருநூறு லிட்டர் கழிவு நீரை வாழைக்கோ தென்னைக்கோ விடுவதும், மாதம் ஒருமுறை செடிகளைக் கழிப்பதும், ஆண்டுக்கொருமுறை படுகையின் அடிக் குழாயைத் திறந்து அலசுவதுமே. வடிகட்டியின்றி நீர் மாற்றியே மீன் வளர்ப்பவர் வாரந்தோறும் குளத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது இரண்டாயிரத்து எழுநூறு லிட்டர் இறைத்தாக வேண்டும். சித்திரை வைகாசியில் கிணறு அடிதெரியும் ஊரில், குடத்தோடு நிற்பவர் கண்முன்னே இது நடக்கலாமா? படுகை வைக்க இயலாதவர் குளம் வைக்காதிருப்பதே நன்றென்று நாம் தயங்காது கூறுவோம்.

இன்னொரு செய்தி ஊராட்சி மன்றத்தாரும் கிராம அலுவலர்களும் கவனிக்கத்தக்கது. வடிகட்டியே வேண்டாம், இம்மீன் குளத்தைத் தானே சுத்தம் செய்யும் என்று ‘டாங்க் கிளீனர்’ என்னும் முள்ளோட்டுக் கெளுத்தியைச் சில கடைகளில் விற்கின்றனர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அது பாசியைத் தின்னும். தானும் கழித்து அமோனியாவைப் பெருக்கும். பெருத்தபின் வளர்த்தவரே அதனை அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகின்றனர். இந்தியாவின் பல நீர்நிலைகளில் அது இவ்வாறே பரவிவிட்டது. முள்ளால் வலையைக் கிழிக்கும்; உண்பாரும் வாங்குவாரும் இல்லை. அதனினும் கொடியது, முட்டையிடக் கரையில் வளை தோண்டும் அதன் வழக்கம். மண்கரை ஏரியின்கீழ் நிலமுடையோர்க்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. ஏரி மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் நஷ்டமும் இதனோடு சேரும்.

ஆதலின் கொல்லைக் குளத்தின் மிகைநீர்க் குழாய் தெருக் கால்வாயிலோ ஏரி வாய்க்காலிலோ விழாமல், வலைக்கம்பி கட்டித் தோட்டத்துக்குள்ளேயே முடிதல் வேண்டும். ஐப்பசிப் பெருமழையில் குளம் வழியும் நாளில் இது சரியாக உள்ளதா என்று பார்க்கலாம். மழை தொடங்குமுன் பார்ப்பது இன்னும் எளிது.